ஏழாம் நம்பர் கேமரா

யானை வந்து முதுகைச் சொறிந்துகொண்டு போயிருந்தால்கூட மோசஸ் கோபப்பட்டிருக்க மாட்டான். யானைக்கு அரித்தால் மரத்தில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டா சொறியும்? கரடி வந்து கேமராவை முகர்ந்து, கடித்து, எச்சில் ஒழுகவிட்டுப் போயிருந்தாலும் துணியால் துடைத்து மாட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருப்பான். ஆனால் ஏழாம் நம்பர் கேமராவின் கண்ணில் யாரோ பச்சைச் சாணியை அப்பியிருந்தார்கள். அதில் விரல் தடம் பதிந்திருந்தது. இது மனுஷ வேலை, அதுவும் திமிர் பிடித்த மனுஷ வேலை என்று மோசஸ் முடிவு கட்டினான்.

இது முதல் தடவையும் இல்லை. கோடையில் கேமராவைக் கட்டியிருந்த பட்டையை அறுத்து அதைப் பள்ளத்தில் உருட்டி விட்டார்கள். சரி என்று இரும்புப் பெட்டி செய்து, அதற்குள் வைத்து, சங்கிலி போட்டு, பூட்டும் போட்டான். பூட்டைத் தொடவே இல்லை. பெட்டிக்கு முன்பக்கம் ஓட்டை இருக்கிறதே, அதன் வழியாகக் கல்லால் குத்திக் கண்ணை உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். 'இது வனவிலங்குக் கணக்கெடுப்புக் கேமரா, தொடாதீர்கள்' என்று பலகை எழுதி மாட்டினான். பலகையைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். முள் வெட்டிவந்து மரத்தைச் சுற்றிக் கட்டினான். இப்போது சாணி, அது உள்ளே இறங்கிக் கேமராவே செத்துப்போயிருந்தது.

ஆம்பூரிலிருந்து பார்த்தால் தோல் பதனிடும் ஷாப்புகளின் கூரைகளுக்குப் பின்னால் தெரியுமே, அந்த மலையில்தான் அவனுக்கு வேலை. சிறுத்தை, கரடி, கடமான் எல்லாம் எத்தனை இருக்கின்றன என்று பெங்களூரில் ஓர் அமைப்பு கணக்கெடுக்கிறது. டிபன் டப்பா அளவில் கேமராக்களை மரங்களில் கட்டிவிட்டால், சூடுள்ள உடம்பு எது முன்னால் நடந்தாலும் அதுவே படம் எடுத்துக்கொள்ளும். காலையில் மேலே ஏறி எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்ப்பது, எறும்பு கூடு கட்டியிருந்தால் சுத்தம் செய்வது, பேட்டரி மாற்றுவது, மாதம் ஒரு முறை படம் பதியும் கார்டுகளைக் கழற்றி கூரியரில் அனுப்புவது, இவ்வளவுதான் மோசஸின் உத்தியோகம். மற்ற கேமராக்கள் எல்லாம் சமர்த்தாக இருந்தன. இந்த ஏழாம் நம்பர்தான் அவனுடைய பிராணனை வாங்கியது.

அவன் உயிரையே வைத்திருந்ததும் அதன் மேல்தான். அதற்குக் காரணம் சிறுத்தை இல்லை.

மோசஸுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது பெண் பார்ப்பதை நிறுத்தினார்கள். அம்மா போனபிறகு மறுபடி ஆரம்பிக்க ஆள் இல்லை. காட்பாடியில் ஓர் அண்ணன் இருக்கிறான், இருக்கிறான் என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்வான். சபை ஐயர் கைகொடுத்து, "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்பார். பதில் சொல்வதற்குள் அடுத்தவர் கையைப் பிடித்திருப்பார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒற்றையாக நிற்கும் அவன் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். காலையிலிருந்து பேசவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியும்.

கேமராக்களை முதலில் மாட்டியபோது பெங்களூரிலிருந்து ஜெனிஃபா வந்திருந்தாள். காட்பாடிப் பெண்தான், படித்துவிட்டு அந்த அமைப்பில் வேலை பார்த்தாள். ஏழாம் நம்பரின் முதல் கார்டை அங்கேயே பாறைமேல் உட்கார்ந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். ஒரு கீரி, ஒரு முயல், அப்புறம் மோசஸ். "அண்ணா, இந்த நீலச் சட்டை உங்களுக்கு சூப்பரா இருக்கு" என்று சிரித்தாள். பாவம், அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொன்னது. இவன் அதை மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுவிட்டான்.

அன்றிலிருந்து ஏழாம் நம்பரைத் தாண்டும்போதெல்லாம் மோசஸ் ஒரு நிமிஷம் நிற்பான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டு, கும்பிடு போடுவான். மற்ற கேமராக்கள் தழைக்குள்ளும் சரிவிலும் இருந்தன. ஏழாம் நம்பர்தான் இரண்டு பாறைகளுக்கு நடுவில் பாதை ஒடுங்குகிற இடத்தில், நின்றால் முழு ஆளும் தெரிகிற மாதிரி இருந்தது. காட்டுக்குப் போகிறவன் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான். "கரடிக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்று இஸ்திரிக்காரன் கேலி செய்தான். கிறிஸ்துமஸ் அன்று லீவுதான். ஆனாலும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மலையேறி, பேக்கரியில் வாங்கிய பிளம் கேக்கைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினான். அம்மாவின் நினைவு நாளில் சிரிக்காமல் நின்றான். கார்டுகள் போய்ச் சேர்ந்ததும் ஜெனிஃபா போன் செய்வாள். "கார்டு வந்துச்சு அண்ணா, தேங்க்ஸ்." அவ்வளவுதான் பேச்சு. கேக் பற்றி அவள் கேட்கவில்லை. வேலை ஜாஸ்தி இருக்கும், ஆபீசில் நாலு பேர் பக்கத்தில் இருப்பார்கள், எப்படிக் கேட்பாள் என்று மோசஸ் அவனாகவே சமாதானம் சொல்லிக்கொண்டான். பார்த்திருப்பாள், அது போதும். உலகத்தில் ஒரு ஆள், எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, இவன் இன்றைக்கு இருக்கிறான், இந்தச் சட்டை போட்டிருக்கிறான் என்று தெரிந்துவைத்திருக்கிறது.

அடுத்து அவள் போன் செய்தபோது சாணி விஷயத்தைச் சொன்னான். ஜெனிஃபா பெருமூச்சு விட்டாள். "அண்ணா, சார் ரொம்ப பேஜாராயிட்டார். இன்னொரு தடவை ஏழாம் நம்பர் போச்சுன்னா, உங்க பக்கம் எல்லா கேமராவையும் கழட்டி ஆந்திரா பார்டருக்கு மாத்திடலாம்னு சொல்றார்."

வேலை போனால் போகட்டும், ஏதாவது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கலாம். மோசஸ் அதற்குப் பயப்படவில்லை. கேமரா போனால் தன்னைப் பார்க்கிற அந்த ஒரு கண்ணும் போய்விடும் என்றுதான் பயந்தான். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் சிரிப்பார்கள்.

அவனுக்கு யோசனை சொல்ல இருந்தது அப்துல் ஹமீத் ஒருவர்தான். பஜாரில் துண்டுத் தோல் வியாபாரம் செய்பவர். ஷூ கம்பெனிகளில் அப்பர் என்கிற மேல்பாகம் வெட்டியது போக மிச்சம் விழும் தோலை எடைக்கு வாங்கி, பர்ஸ் தைப்பவர்களுக்கும் பெல்ட் தைப்பவர்களுக்கும் விற்பார். மோசஸ் எப்போதாவது அவர் கடைப் படியில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பான்.

"பூட்டு போட்டாக்க, உள்ள இன்னாமோ இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் ஹமீத். "பலகை வச்சாக்க, இங்கதான் இருக்குது வாடான்னு அர்த்தம். நீ பாதுகாக்குறியா, பத்திரிகை அடிச்சு கூப்பிடுறியா? மறைக்கணும் தோஸ்த்."

அவரே உள்ளே போய் ஓர் எருமைத் தோல் துண்டை எடுத்துவந்தார். தடித்த தோல், மேலெல்லாம் சுருக்கமும் வெடிப்பும். ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்த சரக்கு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் அசல் மரப்பட்டை. மோசஸ் அதை வாங்கித் தடவிப் பார்த்தான்.

"கேமராவுக்கு ஷெர்வானி" என்றார் ஹமீத். "மரத்தோட சேத்து சுத்தி, மொழுகு நூல் போட்டு தெச்சுடு. பூட்டு ஒடைக்கத் தெரிஞ்சவன் ஊரெல்லாம் இருக்கான். காட்டுல வந்து தையல் பிரிக்கணும்னு எவனுக்குத் தோணும்?"

ஆயிரக்கணக்கான பெண்கள் தினமும் தோலைத் தைத்துச் சோறு தின்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பெரிய மனிதர்கள் இப்படித் திட்டம் போட்டார்கள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

புதுக் கேமரா வந்ததும் மோசஸ் பலகையைக் கழற்றினான், இரும்புப் பெட்டியைத் தூக்கி எறிந்தான், பக்கத்து மரத்துக்கு இடம் மாற்றினான். கேமராவையும் மரத்தையும் சேர்த்துத் தோலைச் சுற்றி, வளைந்த ஊசியால் மதியம் வரை உட்கார்ந்து தைத்தான். கண் பார்க்க ஒரு ஓட்டை, கார்டு மாற்ற அடியில் ஒரு சின்ன வாய். மண்ணைக் குழைத்து மேலே பூசினான். மறுநாள் வந்தபோது அவனே கேமராவைத் தேடினான். எந்த மரம் என்று தெரியாமல் நின்று, தெரிந்தவுடன் வாய்விட்டுச் சிரித்தான். அன்றைக்குக் கும்பிடு கொஞ்சம் பெரிதாகவே போட்டான்.

அந்த வாரம் கேமராவை யாரும் தொடவில்லை. அடுத்த வாரம் கேமரா இல்லை.

மரம் இருந்தது. தோலும் இருந்தது. கிழிக்கவில்லை, அறுக்கவில்லை. ஒரு தையல் விடாமல் பிரித்து, நூலைச் சுருட்டி வைத்து, தோலை மடித்துப் பாறைமேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லும் வைத்திருந்தார்கள். மோசஸ் அந்தப் பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்தான். திருடனிடம் இவ்வளவு மரியாதையை அவன் எதிர்பார்க்கவில்லை.

ஹமீத் தோலை விரித்துப் பார்த்தார். தையல் துளைகளை விரலால் தடவினார். அவருடைய முகம் மாறியது.

"ஒரு ஓட்டைகூட கிழியல பாத்தியா? நூல் கத்திரியில ஒண்ணு ஒண்ணா எடுத்திருக்குது. மடிக்கும்போதும் தோல் முகத்த உள்பக்கம் வச்சு மடிச்சிருக்குது, கீறல் விழக்கூடாதுன்னு. இது திருட்டுப் பய வேலை இல்ல தோஸ்த். ஷூ கம்பெனியில, தப்புத் தையல் பிரிக்கிற மேஜைல உக்கார்ற பொம்பள வேலை."

"கம்பெனிப் பொம்பளைக்கு மலைல இன்னா வேலை?"

"வெறகுக்கு வருவா. வேற இன்னா?"

கம்பெனிக்குப் போகிறவள் என்றால் பஸ் வருவதற்கு முன்னால்தான் மலைக்கு வர முடியும். விடிகிற நேரம். ஜெனிஃபாவுக்குச் சொல்வதற்கு முன்னால் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று மோசஸ் தீர்மானித்தான். மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே போய், பாறைக்குப் பின்னால் புதரோடு புதராக உட்கார்ந்துகொண்டான்.

அவன் எப்போதும் வெயில் ஏறிய பிறகு வருகிறவன். இந்த நேரத்தில் அந்த இடத்தை அவன் பார்த்ததே இல்லை. கிழக்கே லேசாக வெளுத்தபோது கீழேயிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. நாலைந்து பெண்கள். சிரிப்பு. விறகு வெட்டுகிறவர்கள் இப்படியா குசுகுசுவென்று சிரிப்பார்கள் என்று மோசஸ் நினைத்தான். முதல் பெண் பாறை திரும்பி வந்தாள். கையில் அரிவாள் இல்லை, கயிறு இல்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் இருந்தது.

மோசஸுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. சாணி, கல், திருப்பி மாட்டிய பலகை, எல்லாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு எழுந்து, பாறைப் பக்கம் திரும்பி நின்று, பலமாக இருமினான்.

"ஐயோ, எவனோ நிக்கிறான்டி!"

ஒரு கல் அவன் தோளில் பட்டது. இன்னொன்று முதுகில். அவன் நகரவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா! சத்தியமா பாக்கல! கேமராவுக்காக வந்தேன்!"

கேமரா என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. அடுத்த கல் பெரிதாக வந்தது. பிறகு ஒரு குரல் மற்றவர்களை அடக்கியது. "நீங்க கீழ போங்கடி. பஸ் வந்துடும். இந்தாளை நான் பேசிக்கிறேன்." காலடிகள் இறங்கிப் போயின. குரல் மட்டும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"யோவ், திரும்பாத. திரும்பினா மண்டையப் பொளந்துடுவேன்."

"திரும்ப மாட்டேம்மா."

"நீதான் அந்தக் கேமரா வச்ச மகராசனா?"

"ஆமாம்மா. மோசஸ். சிறுத்தைக்கு வச்சதும்மா அது."

"சிறுத்தைக்கு வச்சா சிறுத்தை மட்டும்தான் வந்து நிக்குமா? நாங்க வர்றது உனக்குத் தெரியாதா? ஏரிக்கரையில போய்க்கினு இருந்தோம். அங்க பிளாட் போட்டு வாட்ச்மேன் வச்சுட்டான். வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருக்குது, ஊத்த தண்ணி இல்ல. இங்க வந்தா நீ செவப்பா கண்ணு முழிச்சுக்கினு மரத்துல உக்காந்திருக்க. சாணி அப்புனோம், கல்லால குத்துனோம். சரி போய்ட்டான்னு பாத்தா, ஒரு நாள் காலைல மரத்துல பஃப் தோலு, அதான் எருமைத் தோலு வாசனை அடிக்குது. பதினஞ்சு வருசமா தோலையே மோந்துக்கினு இருக்கேன். என்கிட்டயே தோலைப் போத்தி மறைச்சியா நீ?"

அவள் பெயர் மோகனா. ஷூ கம்பெனியில் தையல் பிரிக்கிற மேஜையில் இருக்கிறாள். கேமரா அவளிடம்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் அவளே சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பேனேம்மா."

"யார்கிட்ட சொல்றது? வீட்டு ஆம்பளைங்ககிட்ட சொன்னா, நீ எதுக்கு அங்க போனன்னு என்னைத்தான் கேப்பான். ஊருல அத்தனை பொம்பளைக்கும் தெரியும் இது. உன் வீட்டுப் பொம்பளைங்க உனக்குச் சொல்லலியா?"

"எனக்குக் கல்யாணம் ஆவலம்மா."

"அம்மா? அக்கா தங்கச்சி?"

"யாரும் இல்ல."

பாறையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னான். வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் சோறு போடும்போது காதில் போட்டிருப்பாள். இவனுக்குச் சோறு போடவும் ஆளில்லை, சேதி சொல்லவும் ஆளில்லை. யாரும் இல்லை என்று இதுவரை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மோகனா பிறகு பேசியபோது குரலில் சண்டை இறங்கியிருந்தது.

"மத்தவங்க போனதும் நான் மட்டும் அந்தக் கல்லு மேல கொஞ்ச நேரம் உக்காருவேன். வீட்ல ஏழு பேரு, ஒரே ரூம்பு. பஸ்ல ஏறுனா நெரிசல். கம்பெனில சூப்பர்வைசர் தலைமேலயே நிப்பான். பாத்ரூம் போனா எவ்ளோ நேரம்னு கேப்பான். இங்க உக்காந்து அழுதாலும் சரி, சும்மா வானத்தப் பாத்தாலும் சரி, கேக்க ஆளில்லன்னு இருந்தேன். அதையும் படம் புடிச்சுட்டியே."

தனியாக இருக்க ஒருத்தி மலை ஏறி வருகிறாள் என்பது மோசஸுக்கு விசித்திரமாக இருந்தது. அந்தத் தனிமை அவன் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பான்.

"எங்க படமெல்லாம் எங்க போவுது? யார் யாரு பாத்திருக்காங்க? அத மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள் மோகனா. "கம்பெனி லைன்ல எவனாச்சும் போனைப் பாத்து சிரிச்சான்னா, என் படமோன்னு கை நடுங்குது. முந்தாநாள் கத்திரி விரல்ல ஏறிடுச்சு. தூக்கமே இல்ல. நீ சாயங்காலம் பஸ் எறங்குற எடத்துல வந்து சொல்லு. கேமராவ அங்க தரேன். பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

அவள் இறங்கிப் போய் வெகுநேரம் கழித்துத்தான் மோசஸ் திரும்பினான். திரும்பியதும் ஜெனிஃபாவுக்குப் போன் போட்டான். அவனாகப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. கூச்சத்தோடு, சுற்றி வளைத்து, ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

"ஐயோ!" என்றாள் ஜெனிஃபா. நிஜமாகவே பதறிவிட்டாள். "அண்ணா, அந்த இடத்துல இனிமே கேமராவே வேண்டாம். நான் சார்கிட்ட பேசிக்கிறேன், உங்க மேல ஒரு பேச்சும் வராம நான் பாத்துக்கிறேன். மத்த கேமரா எல்லாம் அப்படியே இருக்கட்டும், நீங்களே பாத்துக்குங்க. அந்த அக்காகிட்ட தைரியமா சொல்லுங்க. அவங்க படத்த யாரும் பாக்கல."

"நல்லாத் தெரியுமாம்மா? சும்மா சமாதானத்துக்குச் சொல்லாத. அந்தம்மா ரொம்ப ஒடஞ்சு போயிருக்குது."

"சத்தியமா அண்ணா. கார்டு வந்ததும் கம்ப்யூட்டர்ல போட்டுடுவோம். மனுஷங்க இருக்கற படத்த எல்லாம் அதுவே கண்டுபிடிச்சு அழிச்சுடும். மிருகம் இருக்கற படம் மட்டும்தான் எங்க கண்ணுக்கே வரும். இதுக்காகவே அப்படி வச்சிருக்கோம்."

"எப்பலேருந்தும்மா?"

"ஆரம்பத்துலேருந்தே. மாட்டுன அன்னிக்கு டெஸ்டுக்குப் பாத்தோமே, அந்த ஒரு கார்டுதான் நான் நேரா பாத்தது."

மோசஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான். கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டான்.

"அப்போ... என் படம்?"

"உங்களோடதும்தான் அண்ணா. பயப்படாதீங்க" என்றாள் ஜெனிஃபா. அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. இவனுக்கும் அதே கவலைதான் போல என்று நினைத்து, குரலை இன்னும் மெதுவாக்கிக்கொண்டாள். "உங்க படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இருக்காது. ஒண்ணுகூட."

"நல்லதும்மா" என்றான் மோசஸ்.

அன்றைக்கு அவன் சுற்றுக்குப் போகவில்லை. பாறைமேலேயே இருந்தான். சாயம் போகாத புதுச்சட்டை, இஸ்திரி மடிப்பு, தூக்கிப் பிடித்த கேக், சிரிக்காமல் நின்ற நாள், எல்லாம் பார்க்க ஆளில்லாமலே அழிந்திருக்கின்றன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு இயந்திரம் இவனைப் பார்த்து, இது மிருகம் இல்லை என்று தெரிந்துகொண்டு, வழித்துப் போட்டிருக்கிறது. கோபப்படக்கூட ஆள் இல்லை. இவ்வளவு நாளும் தனியாக இருந்தான். ஆனால் தனியாக இருப்பது அவனுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது, அதுதான் தாங்கவில்லை. போன் செய்யாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு தடவை நினைத்தான். மோகனாவின் நடுங்குகிற கை ஞாபகம் வந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டான்.

சாயங்காலம் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் இறங்கி, காய்கறிக் கடையைச் சுற்றி மொய்த்தார்கள். மோசஸுக்கு மோகனாவின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். அதனால் பக்கத்திலிருந்த பாலத்துக் கட்டை ஓரம் காத்து நின்றான். ஒல்லியாக ஒருத்தி, கட்டைவிரலில் துணி சுற்றியவள், கூட்டத்தை விட்டு விலகி நேராக அவனிடம் வந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேம்மா. யாரும் பாக்கல."

"பொய் சொல்லாத."

"மனுசங்க படத்த எல்லாம் கம்ப்யூட்டரே அழிச்சுடுதாம். அங்க இருக்கறவங்க கண்ணுக்கே வராதாம்."

"உங்க சாமி மேல சத்தியமா?"

"ஏசப்பா மேல சத்தியமா."

"ஒருத்தர்கூட பாக்கலியா?"

"ஒருத்தர்கூட பாக்கலம்மா."

"ஆரம்பத்துலேருந்தா?"

"ஆரம்பத்துலேருந்தேதான்" என்றான். அந்தப் பெண்ணுக்குச் சொல்கிற வார்த்தை ஒவ்வொன்றும் தன் தலையிலும் விழுவதை அவன் உணர்ந்தான். ஆனாலும் குரல் பிசகாமல் சொன்னான். அவளுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது.

மோகனா பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தான். முந்தானையை எடுத்தபோது சிரித்துக்கொண்டும் இருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பையில் காலி டிபனுக்குக் கீழே லைனிங் துணியில் சுற்றி வைத்திருந்த கேமராவை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அண்ணா, கல்லு பட்டது வலிக்குதா?"

"இல்லம்மா."

"நீ நல்லா இருப்ப அண்ணா. யாருமே நம்மளப் பாக்கலன்னு சொன்ன பாரு, எனக்கு உசிரே திரும்பி வந்துது. இதவிட நல்ல வார்த்தை இருக்குதா சொல்லு?"

"இல்லம்மா" என்றான் மோசஸ். அவள் முகம் மலர்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "எனக்கும் அது கேட்டப்புறம்தான் நிம்மதியாச்சு."

கூட வந்தவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். மோகனா ஓடிப்போய் அவர்கள் காதில் ஏதோ சொன்னாள். ஐந்து பேரும் ரோட்டிலேயே கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஊருக்குள் போனார்கள். கடைசி பஸ்ஸும் வந்து காலியாகிப் போய்விட்டது. காய்கறிக்காரர் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக் கட்டினார். மோசஸ் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போக அவனுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.